ஊஞ்சலைக் கழற்றிய வாரம்

மேல்கணக்கு புது வீடு,
அக்கரப்பத்தனை.
ஆனி 3, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் கிருஷாந்திக்கு அம்மா எழுதுவது. அம்மன் துணையில் இங்கே அடுப்பு எரிகிறது, அப்பா எழுந்து நடமாடுகிறார், எனக்கு முழங்காலில் இருக்கிற பழைய நோவைத் தவிர வேறு குறை இல்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று மனதில் வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். உன்னோடு தையல் ஃபெக்டரியில் வேலை செய்கிற பொகவந்தலாவை சுலக்ஷனா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை ஜோர்தானுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தையும் மிளகாய்த்தூளையும் கொஞ்சம் கருவாட்டையும் கொடுத்து அனுப்புகிறேன். இத்தனை பக்கம் எழுதுவதற்குப் போனில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். போனில் நான் உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன் மகளே. மூன்று வாரத்துக்கு முன்பு அப்பா எங்கே என்று நீ கேட்டபோது கோயில் கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றேன், மறுநாள் கேட்டபோது தூங்குகிறார் என்றேன், அதற்கு அடுத்த நாள் முகத்தைக் காட்டச் சொன்னபோது போனில் கேமரா பழுது என்றேன். மூன்றும் பொய். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். வீடு மாறிய அன்று வீடியோவில் அவர் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தூரத்தில் நின்றதும் முகத்து வீக்கம் உனக்குத் தெரியக்கூடாது என்றுதான். இப்போது நன்றாக இருக்கிறார், நேற்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார், அதை முதலில் எழுதிவிட்டேன், ஆகையால் பதறாமல் மிச்சத்தைப் படி. போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், நானும் அழுவேன், லைனும் அறுந்துபோகும். எழுதினால் முடிவுவரை சொல்லிவிடலாம்.

வீடு மாறுவதற்கு வைகாசி மூன்றாம் ஞாயிறு என்று நாள் குறித்தது உனக்குத் தெரியும். போன மழைக்கு நாம் இருந்த லயத்து வரிசை வீட்டின் பின் சுவரில் விழுந்த வெடிப்பை அதிகாரிகள் வந்து பார்த்து சிவப்புப் பெயின்டால் கோடு போட்டுவிட்டுப் போனதும், பன்னிரண்டு காம்பராவில் ஆறு குடும்பத்துக்கு மட்டும் முதல் தடவையில் தோட்டத்தின் மேல்கணக்கில் வீடு கிடைத்ததும், அதில் நம் பெயர் நாலாவதாக இருந்ததும் நீ அறிந்ததுதான். வீட்டுக்குள் கிடந்த சாமானைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, இரண்டு கட்டில், ஒரு அலுமாரி, பாத்திரம், உன்னுடைய புத்தகப் பெட்டி, அவ்வளவுதானே. வெளியில் கிடந்ததுதான் பெரும்பாடு. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் புல்தரைச் சாமான்களை மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு வருடத்துக்கு முன்பு லீவில் வந்தபோது நீ வாங்கிக்கொண்டு வந்து இறக்கினாயே, வட்ட இரும்பு மேசை, நான்கு இரும்பு நாற்காலி, இரண்டு பேர் உட்காருகிற சங்கிலி ஊஞ்சல். முப்பது வருஷம் கொழுந்து பறிச்ச ஆளு வெளிய நாற்காலியில ஒக்காந்து ஒரு தேத்தண்ணி குடிக்கட்டும்மா என்று நீ சொன்னாய். முதல் இரண்டு நாள் எனக்கு அதில் உட்காரவே வெட்கமாக இருந்தது, யாரோ வந்து எழும்பு என்று சொல்லப்போகிறார்கள் என்பதுபோல் விளிம்பில் உட்கார்ந்தேன். அப்புறம் பழகிவிட்டது. மாலையில் பக்கத்துப் பெண்களெல்லாம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்து அதில் சாய்ந்துவிட்டுத்தான் அவரவர் அடுப்படிக்குப் போவார்கள்.

அந்த மேசையால்தான் பக்கத்துக் காம்பரா செல்லசாமிக்கும் அப்பாவுக்கும் பேச்சு நின்றது, அதையும் நீ முழுதாக அறியமாட்டாய், நீ விமானம் ஏறிய பிறகு நடந்தது அது. செல்லசாமி மாட்டுக்குப் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வாசல் வழியாக வரும்போது கட்டு மேசையில் தட்டியிருக்கிறது. அண்ணே, மேசையக் கொஞ்சம் உள்ளுக்கு இழுத்துப் போடுங்க, கட்டோட போக வர முடியல என்று மரியாதையாகத்தான் கேட்டார். உன் அப்பா அன்றைக்கு எந்தக் கோபத்தில் இருந்தாரோ, ஒனக்குப் புல்லுக்கட்டு தடுக்கல, எங்க மேசதான் கண்ண உறுத்துது என்று சொல்லிவிட்டார். செல்லசாமி முகம் கறுத்துப்போய் உள்ளே போனார். அவ்வளவுதான், சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கிற வீட்டில் இரண்டு வருடம் இரண்டு ஆம்பளைகளும் முகம் பார்க்கவில்லை. அவர் மனைவி வேலாயியும் நானும் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில் பேசிக்கொள்வோம், அதையும் ஒளித்து மறைத்துத்தான். ஒரு நாள் அப்பா வெளியே போயிருந்தபோது நான் வாசலை அளந்து பார்த்தேன் மகளே. இரண்டு காம்பராவுக்கும் நடுவில் போகிற தண்ணீர்க் கானிலிருந்து அளந்தால் மேசையின் ஒரு கால் அவர்கள் பக்கத்தில் நாலு விரல் நின்றது. வேலாயியிடம் அதை ஒத்துக்கொண்டேன். உன் அப்பாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, இரவோடிரவாக இழுத்துப் போட்டால் மறுநாளே கண்டுபிடித்துவிடுவார்.

சாமானை ஒழுங்கு பண்ணுகிற வேலையை அப்பா திங்கட்கிழமையே தொடங்கிவிட்டார். நம்மை ஏற்றிப் போக ஹட்டனிலிருந்து லொறி கொண்டு வருவதாகச் சொன்ன றுமைஸ் போனில் இவரிடம், மாமா, இரும்புச் சாமான நின்ன நெலயில ஏத்த வேணாம், கழட்ற பாகத்தக் கழட்டி வைங்க, நம்ம வளைவுல லொறி ஆடுற ஆட்டத்துக்கு ஒண்ணோட ஒண்ணு மோதிக் காலு வளைஞ்சிரும் என்று சொல்லியிருந்தார். உன் அப்பாவுக்கு ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் போதுமே. முதல் நாள் நான்கு நாற்காலியையும் சவர்க்காரத் தண்ணீரும் தேங்காய்த் தும்பும் வைத்துத் தேய்த்துக் கழுவினார், பின்னல் இடுக்கிலிருந்த பாசியை ஈர்க்குச்சியால் தோண்டித் தோண்டி எடுத்தார். வெயிலில் காயவைக்கலாம் என்றால் பத்து மணிக்கு வெயிலும் பத்தேகாலுக்கு மூடுபனியும் என்று வானம் விளையாடியது, நாற்காலிகளை வெளியே எடுப்பதும் முன்பக்க இஸ்தோப்புக் கூரைக்குள் இழுப்பதுமாக எனக்கு இடுப்பே விட்டுப்போனது. ஈரத்தோட சுத்தி வச்சா துரு தின்னும் என்று அவர் ஒரே பிடிவாதம். காய்ந்த பிறகு மண்கடதாசியால் துருவைத் தேய்த்துவிட்டுப் பச்சைப் பெயின்ட் அடித்தார். செவ்வாய்க்கிழமை மேசை. போல்ட்டெல்லாம் துருவேறி இறுகிப்போய்விட்டது, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துத்தான் கழற்ற முடிந்தது. எந்தக் கால் எந்தத் துளையில் இருந்ததோ அதற்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் எழுதினார், போல்ட்டையும் நட்டையும் பால்மா டின்னில் போட்டு மேலே மேசை என்று கடதாசி ஒட்டினார். மேசைத் தட்டைச் சுற்ற நல்ல துணி இல்லையே என்று தேடிக்கொண்டிருந்தவருக்கு நான் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற என்னுடைய பழைய படங்குகளைக் கொடுத்தேன். மழைக்கும் முள்ளுக்கும் என்னைக் காப்பாற்றின படங்கு மேசையையும் காப்பாற்றட்டும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்துக் கட்டினார். புதன்கிழமைக்கு ஊஞ்சல் மட்டும்தான் மிச்சம்.

ஊஞ்சல் சங்கிலி அறுந்ததும் அதைக் கொய்யா மரத்தடிக்குக் கொண்டுபோய்த் தறப்பாளால் மூடி வைத்தோம், போன ஐப்பசி மழையிலிருந்து அது அப்படியே கிடந்தது. யாரும் கிட்டப் போகவில்லை. அந்த எட்டு மாதத்தில் உட்காருகிற பலகைக்கு அடியில் குளவி பெரிய கூடு கட்டியிருக்கிறது, சின்னக் குளவி இல்லை, மஞ்சள் வரி போட்ட பெரிய குளவி. மலையில் கொழுந்தெடுக்கும்போது அதன் சத்தம் கேட்டாலே கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் நாங்கள். அப்பாவுக்குச் சத்தம் கேட்கவில்லை மகளே. இருபத்தேழு வருடம் தேயிலை ஃபெக்டரியில் ரோலர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவர், அந்த இரைச்சல் காதைத் தின்றுவிட்டது, தறப்பாளுக்கு அடியில் அது இரைந்துகொண்டிருந்தது அவர் காதில் விழவேயில்லை. நீயும் நாள் முழுக்க மெஷின் சத்தத்தில்தான் இருக்கிறாய், காதுக்குள் வைக்க அங்கே கொடுக்கிற அடைப்பானை வைத்துக்கொள், அழகு குறைந்துபோகாது. நான் அப்போது பீலியில் கம்பளி துவைத்துவிட்டு இரண்டு ஈரக் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்துகொண்டிருந்தேன். அவர் தறப்பாளின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்ததை என் கண்ணால் பார்த்தேன். கரும்புகை எழும்பியதுபோல் இருந்தது. கையை வீசிக்கொண்டு பின்னால் நகர்ந்தவர் அறுந்த சங்கிலியில் கால் தடுக்கித் தறப்பாளின் மேலேயே விழுந்தார். நான் கத்திய சத்தம் எனக்கே கேட்கவில்லை.

மேட்டில் புல்லறுத்துக்கொண்டிருந்த செல்லசாமி கத்தியை வீசிவிட்டு ஓடி வந்தார். வந்த வேகத்தில் என் தோளிலிருந்த கம்பளியைப் பிடுங்கினார். கம்பளியக் குடுங்க அண்ணி, நீங்க கிட்ட வராதீங்க என்றார், இரண்டு வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசின முதல் பேச்சு அதுதான். ஒரு கம்பளியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார், இன்னொன்றை அப்பாவின் மேல் போர்த்தி அப்படியே கக்கத்தில் இடுக்கித் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். நம் கதவு தூரம், அவர்கள் அடுப்படிக் கதவுதான் பக்கம். வேலாயி கதவைத் திறந்து பிடித்திருந்தாள், நாங்கள் நுழைந்ததும் சாத்திவிட்டு வாசற்படியில் பச்சை இலையைப் போட்டுப் புகை மூட்டினாள். கம்பளியை எடுத்துப் பார்த்தபோது அது உன் அப்பாவின் முகமாகவே இல்லை. கண் இரண்டும் மூடிவிட்டது, உதடு பருத்து, மூச்சு விசில் மாதிரி வந்தது. செல்லசாமிக்கும் கழுத்திலும் கையிலும் கன்னத்திலும் கொட்டியிருந்தது, அதைத் துடைக்கக்கூட நிற்காமல் கடைப்பக்கத்துக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆட்டோவில் அப்பாவின் தலை அவர் மடியில், கால் என் மடியில். போகிற வழியெல்லாம் அண்ணே, மூச்ச விடுங்க, இழுத்து விடுங்க, நிப்பாட்டிராதீங்க என்று அதட்டிக்கொண்டே வந்தார். அந்த அதட்டலில்தான் என் உயிரும் தங்கியது.

ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டொக்டர் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், அப்பாவைப் பார்த்தவுடன் ஓடி வந்து ஊசி போட்டது, மூக்கில் ஒட்சிசன் வைத்தது. பய வென்ன எப்பா அம்மே, பயப்பட வேணாம் என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு அடுத்த ஊசியையும் போட்டது. எத்தனை இடத்தில் கொட்டியிருக்கிறது என்று எண்ணத் தொடங்கிய நர்ஸ் மிஸ் முப்பதுக்கு மேல் எண்ணாமல் விட்டுவிட்டார். இன்னும் கால் மணித்தியாலம் பிந்தியிருந்தால் சொல்ல முடியாது என்று டொக்டர் பிறகுதான் சொன்னது, அப்போதே சொல்லியிருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன். மத்தியானம் கடந்து அப்பாவின் மூச்சு சீரானது. அதுவரைக்கும் நான் கும்பிடாத சாமி இல்லை, வேளாங்கண்ணி மாதாவிலிருந்து கதிர்காமத்துக் கந்தன் வரைக்கும் எல்லோருக்கும் வேண்டுதல் போட்டிருக்கிறேன், எதை முதலில் தீர்ப்பது என்று தெரியவில்லை, நீ லீவில் வந்து வழி சொல்லு. செல்லசாமி அதுவரை ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், அவருக்கும் உடம்பு நடுங்கத் தொடங்கியதும் அவரையும் படுக்க வைத்துவிட்டார்கள். இடம் இருந்த கட்டில் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில்தான்.

மறுநாள் காலையில் அப்பாவுக்கு ஒரு கண் பாதி திறந்தது. நானும் வேலாயியும் கஞ்சி கொண்டுபோயிருந்தோம். அவர் அந்தப் பாதிக் கண்ணால் பக்கத்துக் கட்டிலை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஒனக்கு எங்கெங்க கொட்டுச்சு என்று கேட்டார். செல்லசாமி கன்னத்தைத் தொட்டுக் காட்டி, இந்தா இங்க. நாலு வெரலு தள்ளிக் கொட்டியிருந்தா கண்ணு போயிருக்கும்ண்ணே. நாலு வெரலுங்கிறது லேசுப்பட்ட விஷயம் இல்ல என்றார். வேலாயி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எந்த நாலு வெரலு, நீங்க ரெண்டு பேரும் எதுக்குச் சிரிக்கிறீங்க என்று அப்பா என்னைப் பார்த்தார். இனி மறைத்து என்ன பயன் என்று வாசலை அளந்த கதையைச் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று கஞ்சிக் கோப்பையை நகர்த்தி வைத்துக்கொண்டேன். அவர் பக்கத்துக் கட்டில் பக்கம் தலையைத் திருப்பினார். நான் பேசுனது தப்பு செல்லசாமி, மேச நின்னதும் தப்பு, பேசுனது அதவிடத் தப்பு என்றார். செல்லசாமி, அத விடுங்கண்ணே, எனக்கு மேசையில தேத்தண்ணி குடிக்க ஆசதான், நீங்க கூப்பிடலைன்னுதான் கோவம் என்றார். வீங்கின உதட்டோடு அப்பா சிரித்தார், சிரித்தால் வலிக்கிறது என்று முனகிக்கொண்டே சிரித்தார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது, முதல் நாள் முழுக்க வராத அழுகை.

அப்பா ஞாயிறுவரை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியதாகிவிட்டது, ஆகவே வீடு மாறுகிற நாளை ஒரு வாரம் தள்ளிப் போட்டோம். கூட்டைத் தோட்டத்து மருந்தடிக்கிற ஆட்கள் முகத்துக்கு வலை போட்டுக்கொண்டு வந்து அப்புறப்படுத்தினார்கள், இரண்டு நாள் கழித்து நீளக் கம்பால் தட்டிப் பார்த்து ஒன்றும் இல்லை என்ற பிறகுதான் ஊஞ்சலைத் தொட்டோம். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாம் என்றேன். செல்லசாமி கேட்கவில்லை. பிள்ள ஆசையா வாங்கிக் குடுத்தது, அது என்ன செஞ்சுச்சு பாவம் என்று சொல்லி, கன்னத்து வீக்கம் இன்னும் வடியாத முகத்தோடு அவரே ஸ்பேனரை எடுத்து வந்து கழற்றினார். இரும்புக் குழாய் ஒவ்வொன்றையும் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார், ஒன்றிலிருந்து எறும்பும் இன்னொன்றிலிருந்து ஒரு பெரிய சிலந்தியும் விழுந்தது. வேலாயியும் லயத்துப் பெண்கள் நாலு பேருமாகப் பலகையைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினோம். சங்கிலியைச் சாக்கில் சுற்றி, குழாய்களை மூன்று கட்டாகக் கட்டி, போல்ட்டுக்கு இன்னொரு பால்மா டின். அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்தபடியே அத கீழ வைக்காத, இத மேல வை என்று ஆணையிட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் சொன்ன பதிலை நான் எழுதமாட்டேன்.

லொறி வந்த அன்று றுமைஸ் நடந்ததையெல்லாம் நின்றபடியே கேட்டார். மாமா, நீங்க அந்தத் தறப்பாளத் தெறக்காம அப்படியே சுத்தி ஏத்தியிருந்தீங்கன்னா எங்க வச்சித் தெறந்திருக்கும், வளைவுல லொறி ஆடுற நேரத்துல பின்னுக்கு ஆளுங்க நிக்கக்குள்ள வந்திருக்கும், அல்லாஹ்தான் காப்பாத்தினான் என்றார். அன்றிலிருந்து உன் அப்பாவுக்கு இது ஒரு பெரிய பேச்சாகிவிட்டது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் தான் முன்கூட்டியே சாமானை ஒழுங்கு பண்ணியதால்தான் பத்துப் பேர் தப்பினார்கள் என்று சொல்லிக்கொள்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன், சொல்ல உயிரோடு இருக்கிறாரே. நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து நடுவில் வைக்கோல் வைத்துக் கட்டினார்கள், மேசைத் தட்டை அலுமாரிக்கும் கட்டிலுக்கும் இடையில் நிறுத்தினார்கள். மேல்கணக்கில் கொண்டுபோய் இறக்கிப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. அப்பா நம்பர் எழுதின கால்கள் அதது துளையில் போய்ச் சரியாக நின்றன.

இனிச் சொல்லப் போவதுதான் இந்த ஒரு வாரத்துக்குள் நடந்தது. போன புதன்கிழமையிலிருந்து இங்கே விடாத மழை. கீழே லயத்தில் மிச்சமிருக்கிற ஆறு குடும்பமும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று தோட்டத் தலைவர் வியாழக்கிழமை வந்து சொல்லிவிட்டுப் போனார். ஐந்து குடும்பம் போய்விட்டது, செல்லசாமி மட்டும் மாட்டை எங்கே கட்டுவது என்று போகவில்லை என வேலாயி போன் எடுத்து அழுதாள். நான் போனை வைப்பதற்குள் அப்பா குடையை எடுத்துவிட்டார். ஒடம்பு இருக்கிற இருப்புல எங்க போறீங்க என்று தடுத்தேன், கேட்கவில்லை, நானும் பின்னாலேயே போனேன். அந்த வழுக்குப் பாதையில் கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கிப் போய் அவர்கள் வாசலில் நனைந்துகொண்டு நின்று, செல்லசாமி, மாட்ட அவுரு என்றார். எங்கண்ணே கட்டுறது என்று கேட்டார் அவர். புது வீட்டுப் பின்பக்கம் எடம் இருக்கு, மாட்டுக்குத்தான் முதல்ல எடம் பாத்தேன், ஒனக்கும் இருக்கு, வா என்றார். செல்லசாமி மாட்டைப் பிடித்துக்கொண்டும், வேலாயி அரிசி மூட்டையோடும், பரீட்சைக்குப் படிக்கிற அவர்கள் மகள் லோஜினி புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டும் பொழுது சாய்வதற்கு முன்பே நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது, அப்பாவுக்கே கேட்டது. சிவப்புக் கோடு போட்ட அந்தப் பின் சுவர் மண்ணோடு சேர்ந்து உள்ளே விழுந்துவிட்டது மகளே. நம்முடைய பழைய காம்பராவும் அவர்களுடையதும் ஒன்றாகத்தான் போனது, வேலாயி புகை மூட்டி எங்களைக் காப்பாற்றின அந்த அடுப்படி இருந்த இடம் தெரியவில்லை. ஆள் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மாடுகூடத் தப்பியது. செல்லசாமி போய்ப் பார்த்துவிட்டு வந்து வாசலிலேயே நின்றார், அப்பா அவரை உள்ளே கூப்பிட்டு ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். போன மழைக்கு வெடிப்பைப் பார்த்த நாளிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் சுவரைத் தடவித் தடவிப் படுத்தவள் நான், அந்தப் பயம் என் நெஞ்சை விட்டு இறங்கிவிட்டது. அடுத்த தடவை வீடு கொடுக்கும்போது அவர்கள் பெயர்தான் முதலில் வரும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார், எப்போது என்று அவருக்கும் தெரியாது.

ஆகையால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வீட்டில் இரண்டே அறை என்பது உனக்குத் தெரியும், ஒன்று உனக்கென்று ஒதுக்கி நீ அனுப்பின திரைச்சீலையைக்கூடப் போட்டுவிட்டோம். அந்த அறையில்தான் அவர்கள் மூன்று பேரும் இருக்கிறார்கள், லோஜினி உன் மேசையில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். உன் பெட்டியைத் தொடவில்லை, பூட்டியபடியே என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீ மார்கழியில் லீவில் வரும்போதும் அவர்கள் இங்கேயே இருந்தால் நீ என்னோடுதான் படுக்க வேண்டும், அப்பா வெளி அறையில் படுத்துக்கொள்வார். உன்னைக் கேட்காமல் கொடுத்தது என் மனதில் முள்ளாகக் கிடக்கிறது. உனக்குச் சம்மதம் என்றால் அதை எனக்கு எழுத வேண்டாம், அந்தப் பிள்ளைக்கு எழுது. அது அறையின் ஓரத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்குகிறது.

சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி இப்போது நினைக்காதே, குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொள். சுலக்ஷனாவிடம் பொட்டலத்தை வாங்கினவுடன் கருவாட்டைத் தனியாக எடுத்து வை, இல்லாவிட்டால் உன் உடுப்பெல்லாம் மணக்கும். அப்பா எழுதச் சொன்னது, பிள்ள என்னப் பத்திக் கவலப்படாம இருக்கச் சொல்லு, முகம் பழையபடி ஆயிருச்சு, கடதாசி கெடச்ச அன்னைக்கே போன் எடுக்கச் சொல்லு, தொப்பி இல்லாமப் பேசுறேன். மாரியம்மன் உன்னை நிழலாகக் காத்து நிற்கட்டும், உன் கை நோகாமல் இருக்கட்டும், நீ போகிற இடமெல்லாம் உனக்கு யாராவது கதவைத் திறந்து பிடிக்கட்டும். லோஜினிக்கு எழுத மறந்துவிடாதே, அவளுக்குத் தனிக் கடதாசியில் எழுது.

உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்
அம்மா அம்மாக்கண்ணு,
அப்பா பொன்னையா.